அடுப்படிப் புல்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்து நான்காம் வருஷம் ஆடி பிறந்த வாரத்தில், மைசூர் தேவராஜ மொஹல்லாவில் காய்கறி மண்டி வைத்திருந்த சென்னப்பனின் இடது தோளில் அருகம்புல் முளைத்தது. அந்த வாரம் கத்தரிக்காய் விலை சற்று இறங்கியிருந்தது. முருங்கைக்கு வரத்தே இல்லை. நாவிதர் வந்து சிரைத்துவிட்டுப் போனார். மறுநாள் காலையில் புல் பழைய உயரத்துக்கே நின்றது, நுனியில் பனித்துளியோடு. மருந்துக் கடைக்காரர் கொடுத்த கந்தகக் களிம்பைத் தடவியதில் இன்னும் கரும்பச்சையாகத் தழைத்தது. சென்னப்பன் மேல்துண்டை இடது பக்கம் தாராளமாக இழுத்துவிட்டுக்கொண்டு வியாபாரத்தைக் கவனித்தான். அவன் நடந்துபோனால் வண்டி மாடுகள் நுகத்தோடு திரும்பின. அவன் வீட்டுக்குள் அதற்கு முன்பே ஐந்து வருஷமாகப் புல் முளைத்துக்கொண்டிருந்ததால், தோளில் முளைத்ததை மார்க்கெட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இது எங்கே போய் நிற்கும் என்று மட்டும் பேசிக்கொண்டார்கள். அதற்குப் பதில் யாரிடமாவது இருந்தால் அது ஒருத்தியிடம்தான். அவள் அந்த நேரத்தில் குக்கரஹள்ளி ஏரிக்கு மேற்கே, தன் நிலத்தில், கடப்பாரையைச் சாய்த்து வைத்துவிட்டு வேர் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

அவள் பெயர் நாச்சம்மாள். சென்னப்பனின் அண்ணி. அவள் புருஷன் லிங்கப்பனும் தம்பி சென்னப்பனும் கொள்ளேகால் பக்கத்து ராமாபுரத்தில் மானாவாரி நிலத்தில் ராகி விதைத்தவர்கள். மழை தொடர்ந்து பொய்த்ததும் மதராஸ் மாகாண எல்லையைத் தாண்டி மைசூர் சமஸ்தானத்துக்குள் வந்து, ஈரங்கெரெயில் கிணற்றோடு ஒரு தோட்டத்தை முதலில் குத்தகைக்கும் பிறகு விலைக்கும் எடுத்தார்கள். லிங்கப்பனும் நாச்சம்மாளும் மண்ணில் நின்றார்கள். சென்னப்பன் மண்டியில் நின்றான். முன்பக்கம் மண்டியும் பின்பக்கம் குடித்தனமுமாக ஒரே வீட்டில் எல்லோரும் இருந்தார்கள். ஈரங்கெரெ கத்தரி ஊரில் பலர் போட்டாலும் நாச்சம்மாள் கைபட்ட காய் தனியாகத் தெரியும் என்று வாங்குகிறவர்கள் சொல்வார்கள். உண்மையா, வழக்கமான பேச்சா என்பது நிச்சயமில்லை. பதினெட்டாம் வருஷத்து விஷக்காய்ச்சலில் லிங்கப்பன் போனான். பிள்ளை இல்லை. அவர்கள் வழக்கப்படி நாச்சம்மாள் வருஷத் திவசம் வரை வீட்டு மூலையில் உட்கார்ந்தாள். முகத்தில் வெயில் படக்கூடாது, மண்ணைத் தொடக்கூடாது. அந்த ஒரு வருஷமும் அவளுக்கு வேளை தவறாமல் கஞ்சி கொண்டுவந்து வைத்தவள் சென்னப்பனின் பெண்டாட்டி தேவம்மா. அதே ஒரு வருஷத்தில் தோட்டத்தைத் தன் ஒருவன் பெயருக்கு மாற்றிக்கொண்டு வந்தவன் சென்னப்பன்.

மூலையைவிட்டு எழுந்து தோட்டத்துக்குப் போன நாச்சம்மாள் படலில் பூட்டைப் பார்த்தாள். ராமாபுரத்திலிருந்து வந்து மைசூரில் தலையெடுத்த பெரியவர்கள் சிலர் மண்டியில் கூடினார்கள். கூட்டுக் குடும்பத்து விதவைக்கும் பங்கு உண்டு என்று சமஸ்தானத்தில் சட்டம் வர இன்னும் பதினான்கு வருஷம் இருந்தது, ஆகவே அவர்களுக்கு யோசிக்க ஒன்றும் இல்லை. அண்ணியைத் தெருவில் விடமாட்டேன் என்றான் சென்னப்பன். ஏரிக்கு மேற்கே ஜட்காக் குதிரைகள் மேய்வதற்கு விட்டிருந்த புல்தரையை அவள் பெயருக்கே எழுதிக் கொடுப்பதாகச் சொன்னான். பெரியவர்கள் அவன் மனசை மெச்சினார்கள். அங்கே எதை விளைவித்து எதைத் தின்பது என்று நாச்சம்மாள் கேட்டாள். சென்னப்பன் அவளைப் பார்க்காமல் பெரியவர்களைப் பார்த்துச் சொன்னான்:

"அதான் புல்லு விளைஞ்சு கெடக்குதே. ஒத்த வயிறு. மேஞ்சுக்கட்டும்."

சிரித்தார்கள். ஒருவர் வெற்றிலைச் சாறு வேட்டியில் சிந்தும்படி சிரித்தார். நாச்சம்மாள் சிரிப்பு ஓயும் வரைக்கும் நின்றாள். யார் எவ்வளவு சிரித்தார்கள் என்று பார்த்துக்கொண்டாள். பிறகு கும்பிடாமல் வெளியே வந்தாள்.

அவர்கள் ஊர்ப்பக்கத்தில் அநியாயப்பட்ட பெண்ணுக்கு ஒரு வழி உண்டு. மூன்று பிடி மண்ணை அள்ளி, அநியாயம் செய்தவன் வாசலில் தூற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். எந்த மண்ணை எடுப்பது என்பதில் கண்டிப்பு உண்டு. ஆள் நடந்து மாவான தெருப்புழுதியோ செக்கடி மண்ணோ இடிந்த சுவர் மண்ணோ, எதுவானாலும் ஒன்றும் முளைக்காத மண்ணாக இருக்க வேண்டும். அது காற்றில் பறக்கிறது போல அந்தக் குடும்பமும் பறக்கும். நாச்சம்மாளுக்கு இது தெரியாததில்லை. ஆனால் ஒரு வருஷம் மண்ணைத் தொடாமல் இருந்தவள், புல்தரையில் போய் நின்ற முதல் நாளில் கைக்கு எட்டியதை அள்ளி மடியில் கட்டிவிட்டாள். முந்தின நாள் மழை பெய்திருந்தது. பல வருஷத்துக் குதிரைச் சாணம் மக்கிக் கன்னங்கரேலென்று இருந்த மண் அது, அருகம்புல்லின் வேரும் கணுவும் பின்னிக் கிடந்தது. மொஹல்லாவரை நடந்துவந்து சென்னப்பன் வாசலில் தூற்றினாள். மண் பறக்கவில்லை. சொத்துச் சொத்தென்று விழுந்து நிலைப்படியில் அப்பிக்கொண்டது. எதிர்ச் சாரியில் வெற்றிலை விற்கும் கௌரம்மா இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஈர மண்ணுல சாபம் உட்டா செடிதான்டி மொளைக்கும்" என்றாள்.

தெரு சிரித்தது. கௌரம்மா சொன்னது சரி என்பது தெரியச் சில நாள் ஆயிற்று.

அருகம்புல்லை அறுத்தால் மறுபடி தழையும். ஏர் பூட்டினாலோ வெட்டுப்பட்ட ஒவ்வொரு கணுவும் தனிப் பயிராகிவிடும். அதனால் நாச்சம்மாள் மாடு தேடவில்லை. புல்தரை ஓரத்தில் ஒரு குடிசை போட்டுக்கொண்டு, கடப்பாரையால் பாளம் பாளமாகப் பெயர்த்துக் கவிழ்த்தாள். கட்டியை உடைத்து, வேரைக் கையால் உருவி, பாறைமேல் காயப்போட்டாள். ஒரு நாள் முழுக்க முதுகொடிந்தால் ஒரு பாய் விரிக்கிற இடம் முடியும். முதலில் முள்வேலியின் வாயிற்பக்கம் தோண்டினாள். அன்று சாயங்காலம் சென்னப்பன் வீட்டு நிலைப்படியில், ஒரு பாய் அகலத்துக்குப் புல் நின்றது. அண்ணி வீசின மண்ணில் முளைத்தது என்று தேவம்மா பிடுங்கி எறிந்தாள். அடுத்துப் புல் நடைக்கு வந்தது. அதற்கடுத்து முற்றத்துக் கல்லின் மேல், கல்லை உடைக்காமல், கல்லுக்குள்ளேயே வேர் இறக்கி நின்றது. பிடுங்கினால் சுலபமாக வந்தது. விடிந்தால் அதே இடத்தில் அதே அளவுக்கு நின்றது.

இந்தச் சேதியை நாச்சம்மாளுக்குக் கொண்டுவந்தவன் ஜடையன். மார்க்கெட்டில் கழிந்த தழை, அழுகல், தோல் எல்லாவற்றையும் ஒற்றை மாட்டு வண்டியில் அள்ளி ஊருக்கு வெளியே கொட்டுகிறவன். அதைத் தன் நிலத்தில் கொட்டும்படி அவள் சொல்லியிருந்தாள். அவனுக்கும் பாதித் தூரம் மிச்சமாயிற்று. வண்டியைச் சாய்த்துக்கொண்டே, போகிறபோக்கில் சொன்னான்.

"நாச்சக்கா, உங் கொழுந்தன் வூட்டு நடையில புல்லு. தேவம்மாக்கா அருவாளும் கையுமா உக்காந்திருக்குது."

"எத்தனை அகலம்?"

"ஒரு ஆளு பாய் போட்டுப் படுக்கலாம்."

நாச்சம்மாள் தான் தோண்டின இடத்தைத் திரும்பிப் பார்த்தாள். ஜடையனை வண்டியோடு நிறுத்திவைத்து, எது முதலில் முளைத்தது, எது பிறகு, வாசலிலிருந்து எவ்வளவு உள்ளே என்று கேட்டாள். அவன் தெரிந்ததைச் சொன்னான். அவள் நிலத்தின் வாயிலிலிருந்து நடந்துபார்த்தாள். நிலம் கிழக்கே பார்த்த நீளமான துண்டு. சென்னப்பன் வீடும் கிழக்கே பார்த்த நீளமான வீடு. நடையும் முற்றமும் அந்தந்த இடத்தில் சரியாக வந்தன. நம்பலாமா என்று சந்தேகம் இருந்ததால் மறுநாள் வேண்டுமென்றே வடக்கு ஓரமாகத் தோண்டினாள். சரக்கறையில் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே புல் நிற்பதாக ஜடையன் வந்து சொன்னான். லிங்கப்பன் போன பிறகு அன்றைக்குத்தான் அவளுக்கு நன்றாகப் பசித்தது.

அதற்குப் பிறகு அவள் கண்டபடி தோண்டவில்லை. நிலம் முழுக்கக் கல் நட்டு வீட்டைப் பிரித்தாள். கூடம், சாமி அறை, அவன் படுக்கிற அறை, மண்டித் தட்டு, அடுப்படி என்று ஒவ்வொன்றாக அடையாளம் வைத்தாள். ஒரு வருஷம் மூலையில் உட்கார்ந்து அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தவளுக்கு இது சிரமமாக இல்லை. சென்னப்பன் வெளியூர் வியாபாரிகளைக் கூப்பிட்டு விருந்து வைக்கிறான் என்று தெரிந்தால் அன்று கூடத்தைத் தோண்டினாள். போட்ட வாழையிலையைத் துளைத்துக்கொண்டு புல் எழுந்தது. விருந்தாளிகள் பாயசத்தைப் புல்லை விலக்கி விலக்கிக் குடித்தார்கள். மண்டித் தட்டைத் தோண்டினபோது தராசில் புல் முளைத்து, அதன் எடையைக் கழிப்பதா சேர்ப்பதா என்று காய் கொண்டுவந்த சந்தைக்காரர்களோடு தகராறு வந்தது. படுக்கையறையை மட்டும் அவசரப்படாமல் மார்கழிக் குளிருக்கென்று வைத்திருந்தாள். மார்கழியில் அவன் மெத்தை பனியில் நனைந்தது, சென்னப்பன் இருமத் தொடங்கினான். இருமல் நிற்கவில்லை என்று ஜடையன் சொன்ன நாளில் அந்த இடத்தில் மேட்டுப்பாத்தி பிடித்துக் கொத்தவரை ஊன்றினாள். கொத்தவரை நன்றாகக் காய்த்தது.

புல்லை எடுத்தால் மட்டும் தோட்டம் ஆகிவிடாது. ஜடையன் கொட்டின கழிவையும் சாணத்தையும் சாம்பலையும் ஏரி வண்டலையும் குழியில் மாற்றி மாற்றி அடுக்கி, மண்ணால் மூடிப் புழுங்க விட்டாள். குழி புழுங்கின மாசங்களில் சென்னப்பன் வீட்டுச் சுவர்கள் தொட்டால் சுட்டன. சித்திரையில் செம்மறி ஆட்டுக்காரர்களைப் பிடித்துக் கிடை போட்டாள். கிடை இருந்தவரை அவன் வீட்டுச் சாமி அறையில் ஆட்டுப் புழுக்கை கிடந்தது. எந்த ஆடும் வந்ததை யாரும் பார்க்கவில்லை. சணப்பு விதைத்துப் பூக்கிற சமயத்தில் தழையுரமாக மண்ணுக்குள் மடக்கி மிதித்தாள். பூச்சிக்குச் சாம்பலும் வேப்பம் புண்ணாக்கும் போட்டாள். சீமை உரம் விற்கிற ஏஜெண்டு திருநாராயணன், பஞ்சகச்சமும் கோட்டுமாக நல்ல மரியாதைக்காரர், ஒரு முறை சைக்கிளில் வந்து வெள்ளையாக ஒரு பிடி அவள் கையில் கொட்டி, இதைப் போட்டால் இத்தனை பாடு வேண்டாம் என்றார். அவள் நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தாள். உப்பு என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவர் நேராகச் சென்னப்பனிடம் போனார். அவன் மூட்டை மூட்டையாக வாங்கி ஈரங்கெரெ தோட்டத்துக்கு இறைத்தான். காய் பெரிசு பெரிசாக வந்ததை வண்டியில் வைத்து அண்ணி கேள்விப்படும்படி ஊரைச் சுற்றினான்.

அந்த வருஷம்தான் அவள் பாய் விரித்தாள். கடப்பாரை இறங்காத கல்லாங்குத்து ஒன்று நிலத்தின் நடுவில் இருந்தது. பழைய ஈச்சம்பாய்களையும் கோணிகளையும் புல்லின் மேல் நெருக்கமாகப் பரப்பிக் கல்லைத் தூக்கி வைத்தாள். வெயில் படாத புல் வெளுத்துச் சாகும். பாய் விரித்த நாளிலிருந்து சென்னப்பன் வீட்டுக்குள் வெயில் வரவில்லை. ஜன்னல் விளிம்புவரை வரும், அங்கே நின்றுவிடும். உச்சிப்பொழுதில் விளக்கேற்றிவைத்துச் சாப்பிட்டார்கள். உலர்த்தின துணி காயவில்லை. பிள்ளைகள் வெளுத்தார்கள், மூத்தவன் பசவராஜுக்குப் பகலிலேயே தட்டுத்தடுமாறி நடக்கும் பழக்கம் வந்தது. நாச்சம்மாள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டாள். பாயின் ஓரத்தைத் தூக்கிப் புல் எவ்வளவு வெளுத்திருக்கிறது என்று பார்த்து, மறுபடி மூடினாள்.

தேவம்மா ஒரு வெள்ளிக்கிழமை வந்தாள். இடுப்பில் சின்னப் பெண். சண்டைக்கு வருகிறாள் என்று நினைத்து நாச்சம்மாள் கடப்பாரையைக் கீழே வைக்கவில்லை. தேவம்மா வரப்பில் உட்கார்ந்து, கண் கூசக் கூச வெயிலைப் பார்த்துவிட்டு, தணிந்த குரலில் பேசினாள்.

"அக்கா, நான் அவருக்காகோசரம் வல்லெ. கூடம் போச்சு, படுக்கை போச்சு, வெளிச்சமும் போச்சு. அடுப்படி ஒண்ணுதான் நிக்குது. அதெ மட்டும் உட்டுரு. புள்ளைங்களுக்குக் கஞ்சி காச்சோணும்."

நாச்சம்மாள் கடப்பாரையைக் கீழே வைத்தாள். மூலையில் இருந்த வருஷத்துக் கஞ்சியில் சில நாள் தேவம்மா, மூலையில் இருப்பவளுக்கு ஆகாத மோரை, யாருக்கும் தெரியாமல் ஒரு கரண்டி ஊற்றியிருப்பாள். அதை இரண்டு பேருமே வெளியே சொன்னதில்லை.

"பாயை எடுத்தர்றேன்" என்றாள். "அடுப்படியில கை வைக்க மாட்டேன். அவன் செத்தாலும் வைக்க மாட்டேன். போ, புள்ளையெ வெயில்ல வெச்சிருக்காதே."

மடி நிறையக் கத்தரிக்காய் போட்டு அனுப்பினாள். பாய்க்கு அடியில் புல் அதற்குள் செத்திருந்தது. பாயைச் சுருட்டின அன்று சென்னப்பன் வீட்டில் வெயில் ஜன்னலைத் தாண்டி உள்ளே வந்து படுத்தது.

இருபத்து நான்காம் வருஷத்து ஆனியில் தோண்ட வேண்டியதெல்லாம் தோண்டி முடிந்தது. நிலம் வீட்டைவிடக் கொஞ்சம் நீளம். மேற்கோரத்தில் மிஞ்சின அந்தத் துண்டை ஆடி பிறந்ததும் தோண்டினபோது, முளைக்க வீட்டில் இடம் இல்லாததால் புல் சென்னப்பன் தோளில் முளைத்தது. நாச்சம்மாள் அதை எதிர்பார்த்திருக்கவில்லை, கேட்டதும் சந்தோஷப்பட்டாள். இப்போது நிலம் முழுக்கப் பாத்தி. கத்தரி, வெண்டை, அவரைப் பந்தல், கீரை, வரப்பில் ஆமணக்கு. இவற்றுக்கு இடையே, தென்மேற்கில், அடுப்படிக்கு நேரான ஒரு கீற்று மட்டும் பழைய புல்லாக, பச்சைப் பசேலென்று இருந்தது.

வினை அங்கேதான் வந்தது. அருகு நின்ற இடத்தில் நிற்கிற புல் அல்ல. முதல் மழைக்கே கீற்றிலிருந்து கொடி விட்டு அவரைப் பந்தலுக்குள் ஓடியது. சுற்றிலும் அகழி வெட்டினாள். அகழிக்கு அடியில் புகுந்து வந்தது. மக்கின உரம் அதற்கும் பிடித்திருந்தது. பாத்திக்குள் வந்த ஒரு கொடியை வேரோடு இழுத்துப் போட்டாள். அன்று தேவம்மாவின் அடுப்பில், நெருப்புக்கு நடுவே, கருகாமல் ஒரு புல் எழுந்து நின்றது. அக்கா சொன்ன சொல்லை மறந்துவிட்டாளா என்று தேவம்மா ஜடையனிடம் கேட்டு அனுப்பினாள். கீற்றிலிருந்து ஓடிவந்த புல் எங்கே நின்றாலும் அது அடுப்படிப் புல்தான் என்று நாச்சம்மாளுக்குப் புரிந்தது. களையெடுக்க முடியாத தோட்டம் எத்தனை நாள் தாங்கும். அடுத்த மழையில் அவரை போயிற்று. அதற்கடுத்த மழையில் கத்தரியில் பாதி போயிற்று. ஐந்து வருஷத்து உழைப்பை அந்தக் கீற்று மெதுவாகத் தின்றுகொண்டு வந்தது.

சில நாள் அவள் கடப்பாரையை எடுத்துக்கொண்டு கீற்றின் ஓரத்தில் போய் நிற்பாள். ஒரு நாள் வேலை. தோட்டம் பிழைக்கும். அந்தப் பக்கம் பானையில், உலையில், பிள்ளைகள் தட்டில் புல் நிற்கும். சென்னப்பனோ மண்டியில் ஆள் வைத்துச் சாப்பாடு வரவழைத்துத் தின்பான். அவனுக்கு எதுவும் தைத்த மாதிரி அவளுக்குத் தோன்றவில்லை. இருமினான், துண்டை இழுத்துப் போட்டுக்கொண்டான், வியாபாரம் செய்தான். முறைப்படி செக்கடி மண்ணை எடுத்திருந்தால் ஒரே வீச்சில் முடிந்திருக்கும். நல்ல மண்ணை வீசியது தன் தப்பு என்று சொல்லிக்கொண்டு கடப்பாரையைத் திரும்ப எடுத்துவந்து சாய்த்து வைப்பாள்.

இருபத்தாறாம் வருஷத்துத் தசராவில் காரியம் முடிந்தது. ஊர்வலம் மார்க்கெட்டை ஒட்டிப் போனது. சென்னப்பன் சரிகைத் தலைப்பாகையும் புதுத் துண்டுமாக மண்டி வாசலில் ராமாபுரத்துப் பெரியவர்களுக்கு நாற்காலி போட்டு உட்காரவைத்திருந்தான். வரிசையில் வந்த யானைகளில் ஒன்று, பின்னால் வருகிற சிறியவற்றில் ஒன்று, நின்றது. தும்பிக்கையை நீட்டித் துண்டை எடுத்துப் பக்குவமாகக் கீழே போட்டது. அவன் தோளிலிருந்து மார்வரைக்கும் இறங்கியிருந்த புல்லை ஒரு சுருட்டு சுருட்டிப் பறித்து, மண்ணை உதறுகிற மாதிரி அவன் தலைப்பாகையில் இரண்டு தட்டுத் தட்டி, வாயில் போட்டுக்கொண்டு நடந்தது. பாண்டு வாத்தியம் நிற்கவில்லை. ஆனால் இரண்டு பக்கத்து ஜனமும் சிரித்தது. பெரியவர்களும் சிரித்தார்கள். அன்றைக்கு வெற்றிலைச் சாறு சிந்தினவர் இன்றைக்கும் சிந்தினார். சென்னப்பன் அதைப் பார்த்தான்.

மறுநாள் அவன் ஏரிக்கு மேற்கே வந்தான். செருப்பை வேலிக்கு வெளியே விட்டான். கையில் ஈரங்கெரெ தோட்டத்துப் பத்திரம். நாச்சம்மாள் செத்த கத்தரிச் செடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. அந்தத் தோட்டத்தில் இப்போது மண் சுண்ணாம்புக் காரையாக இறுகி மண்வெட்டி எகிறுகிறது என்பதை அவன் சொல்லவில்லை. அவளுக்கு ஜடையன் முன்பே சொல்லியிருந்தான்.

"அண்ணி, தோட்டத்தெ உங்க பேருக்கே எழுதிக் கொண்டாந்துட்டனுங்க. வாங்கிக்குங்க."

"நான் தோட்டம் கேட்டனா?"

"பின்னெ என்னதானுங் வேணும்?"

நாச்சம்மாள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"பெரியவங்க முன்னால ஒரு சொல்லுச் சொன்னே. அது இன்னும் ஆராலயும் முழுங்கப்படாமெ அப்படியே கெடக்குது. அதெ முழுங்கு."

அவள் கீற்றைக் காட்டினாள். அவன் அதைப் பார்த்தான், வேலிக்கு வெளியே பாதையைப் பார்த்தான். ஜடையன் வண்டியைப் பிடித்துக்கொண்டு அங்கே நின்றிருந்தான். பிறகு சென்னப்பன் தலைப்பாகையை எடுத்து வரப்பில் வைத்தான். முட்டி போட்டான், இரண்டு கையையும் ஊன்றினான். முதல் வாய் இறங்கவில்லை, இரண்டாவது இறங்கியது.

"வேரைத் தொடாதே" என்றாள் நாச்சம்மாள். "கறவை மாடாட்ட மேலால மேயி."

அவள் நின்று பார்த்தாள். கீற்று முழுக்க மேய்ந்து முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது. வேர் அறுபடாததால் தேவம்மாவின் அடுப்படியில் ஒரு புல்லும் எழவில்லை. நுனி மேயப்பட்ட புல் பாத்திப் பக்கம் கொடி விடவும் இல்லை. ஏற்கெனவே ஓடியிருந்த கொடிகள் ஒரு வாரத்தில் வாடிக் கீற்றுக்குள் திரும்பிச் சுருங்கின. சென்னப்பன் தோளில் இருந்தது அன்று சாயங்காலமே மஞ்சளாகி உதிர்ந்தது. முடிந்தது என்று நினைத்து மறுநாள் அவன் வரவில்லை. நாக்கு நுனியில் ஒரு புல் முளைத்தது. அதற்கு மறுநாளிலிருந்து ஒழுங்காக வந்தான்.

மார்க்கெட் அதற்குச் சீக்கிரமே பழகிக்கொண்டது. உச்சிப்பொழுதில் யாராவது மண்டிக்கு வந்து சென்னப்பனைக் கேட்டால், மேயப் போயிருக்கிறார், விளக்கு வைக்கிறதுக்குள் வந்துவிடுவார் என்று கணக்கப்பிள்ளை சொல்வார், வந்தவர் உட்கார்ந்துகொள்வார். ஈரங்கெரெ தோட்டத்தை அவன் தேவம்மா பெயருக்கு எழுதிவைத்தான். தேவம்மா கேட்டனுப்ப, மக்கின உரம் இரண்டு வண்டி, பிறகு வருஷா வருஷம், ஜடையன் மூலமாக அங்கே போயிற்று. நாச்சம்மாளின் கத்தரிக்காய் மார்க்கெட்டில் முதல் விலைக்கு நின்றது. அதைச் சென்னப்பன் மண்டியிலேயே போட்டாள். வேறு மண்டி தேட அவளுக்கு நேரம் இல்லை. விதவைகளுக்குப் பங்கு உண்டு என்று முப்பத்து மூன்றாம் வருஷத்தில் சட்டம் வந்தபோது, இப்போது வழக்குப் போடலாமே என்று வக்கீல் குமாஸ்தா ஒருவர் தோட்டத்துக்கே வந்து சொன்னார். கோர்ட்டு அவனைப் புல் தின்ன வைக்குமா என்று அவள் கேட்டாள். அந்த அளவுக்கு அதிகாரம் இருக்கிறதாகத் தெரியவில்லை என்று அவர் ஒப்புக்கொண்டு, வெண்டைக்காய் வாங்கிக்கொண்டு போனார்.

அவன் மேய்கிற நேரத்தில் கீற்றின் ஓரத்தில் ஒரு செம்புத் தண்ணீர் வைப்பாள். அவ்வளவுதான். பேச்சு இல்லை. எந்த வருஷம் என்பதில் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள், சட்டம் வந்ததற்குப் பிறகு என்றே வைத்துக்கொள்ளலாம், ஒரு நாள் சென்னப்பன் செம்பைக் கீழே வைத்துவிட்டுத் தலை நிமிராமல் கேட்டான்.

"அண்ணி, ஒரு கல்லு உப்புக் குடுத்தீங்கன்னா எறங்குமுங்க."

"இருந்த உப்பையெல்லாம் ஈரங்கெரெ மண்ணுல கொட்டிட்டயே, தம்பி."

அவனை அவள் தம்பி என்று கூப்பிட்டது அந்த ஒரு முறைதான். அவன் மறுபடி கேட்கவில்லை.

நாற்பத்தொன்றாம் வருஷம் மாசியில் சென்னப்பன் இருமலில் இறந்தான். பசவராஜ் கொள்ளி வைத்தான். அன்று மார்க்கெட்டில் பாதிக் கடை மூடியிருந்தது. நாச்சம்மாள் சாவுக்குப் போய், தேவம்மாவை மூலையில் உட்காரவைத்து, தான் மோர் ஊற்றிக் கொண்டுபோன கஞ்சியைக் கொடுத்துக் குடிக்கவைத்து, அதன் பிறகு தோட்டத்துக்குத் திரும்பினாள். கீற்றின் புல் இனி ஓடும், பாத்தியைக் காப்பாற்ற வழி பார்க்க வேண்டும் என்று நினைத்தபடியே வந்தாள். கீற்று மேயப்பட்டிருந்தது. நுனி எல்லாம் ஒரே மட்டமாக, வாய்பட்ட ஈரத்தோடு இருந்தது. சுற்றிலும் குளம்படி இல்லை. இரண்டு உள்ளங்கை ஊன்றின பள்ளம் மட்டும் இருந்தது.

வேலிக்கு வெளியே வண்டியோடு வந்த ஜடையனும் அதைப் பார்த்தான். இன்றைக்கு முள்ளங்கி எடுக்கலாமா என்று கேட்டான். எடுக்கலாம் என்றாள் நாச்சம்மாள். உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் மொண்டுவந்து கீற்றின் ஓரத்தில், எப்போதும் வைக்கிற இடத்தில் வைத்தாள். முள்ளங்கி பிடுங்கிக் கட்டி வண்டியில் ஏற்றிவிட்டுத் திரும்பியபோது செம்பு காலியாக இருந்தது. அவள் அதைக் கழுவிக் கவிழ்த்தாள். அந்தக் கீற்று அதற்குப் பிறகும் ஒரு விரல் உயரத்துக்கு மேல் வளர்ந்ததில்லை. செம்பு தினமும் வைக்கப்பட்டது. உப்பு ஒரு நாளும் வைக்கப்படவில்லை.